போலந்துச் சிலந்தியும் புளியமரத்துப் பொந்தும்

2021 ஜூலையில் சென்னை வெளிநாட்டு அஞ்சலகத்துக்கு ஒரு பார்சல் வந்தது. அனுப்பிய நாடு போலந்து. சேர வேண்டிய ஊர் அருப்புக்கோட்டை. சுங்கத் துறையினருக்குச் சந்தேகம் தட்டியது, பிரித்துப் பார்த்தார்கள். தெர்மோகோல் பெட்டி. அதற்குள் வெள்ளித்தாளும் பஞ்சும் சுற்றிய சின்னச் சின்னப் பிளாஸ்டிக் குப்பிகள், மொத்தம் 107. குப்பிக்கு ஒன்றாக உயிருள்ள சிலந்தி. தறி ஓட்டிச் சேலை நெய்கிற ஊருக்கு ஐரோப்பாவிலிருந்து நெசவாளிகளை வரவழைத்த முதல் ஆள் அந்தப் பெறுநராகத்தான் இருக்கும்.

வன உயிரினக் குற்றத் தடுப்புப் பிரிவினரும் இந்திய விலங்கியல் ஆய்வு நிறுவனத்தினரும் வந்து பார்த்தார்கள். அமெரிக்காவின் தென்பகுதி, மெக்சிகோ, மத்திய அமெரிக்கா ஆகிய இடங்களுக்குரிய டரான்டுலா வகைகள் என்று சொன்னார்கள். இறக்குமதி உரிமம் இல்லை, உடல்நலச் சான்றும் இல்லை. ஆகவே சிலந்திகளை வந்த நாட்டுக்கே திருப்பி அனுப்புவது என்று முடிவாயிற்று. பெட்டி அஞ்சல் துறை கையில் கொடுக்கப்பட்டுப் போலந்துக்குத் திரும்பியது. கோப்பு மூடப்பட்டது.

மெக்சிகோவின் சிலந்திக்குப் போலந்து எப்படித் தாய்நாடாயிற்று என்று நீங்கள் கேட்டால், உங்களுக்கு அலுவலக நடைமுறை தெரியாது என்று அர்த்தம். கவரின் பின்பக்கத்தில் எந்த முகவரி இருக்கிறதோ அதுதான் தாய்நாடு. 107 குப்பிகளும் விமானத்தில் வந்த வழியே போயின. யாருக்கும் சட்டப்படி குறை வைக்கவில்லை, சிலந்திகளைத் தவிர.

அருப்புக்கோட்டைக்காரர் எதற்கு அவ்வளவு தூரம் போனார் என்பதுதான் எனக்குப் புரியாதது. பஸ் பிடித்தால் சில மணி நேரத்தில் ராமேஸ்வரம். அங்கே உலகத்திலேயே மிக அரிய டரான்டுலாக்களில் ஒன்று புளியமரப் பொந்தில் குடித்தனம் செய்துகொண்டிருக்கிறது. அதன் பெயர் பொசிலோதேரியா ஹனுமவிலாசுமிகா. அது முதலில் கிடைத்த இடம் ராமேஸ்வரத்தில் அனுமன் பெயர் தாங்கிய ஒரு கோயில் வளாகம். அந்தப் பெயரையே அதற்கு வைத்துவிட்டார்கள். வைத்தவர் ஆண்ட்ரூ ஸ்மித் என்ற ஆங்கிலேயர். ஆண்டு 2004. வெளிவந்தது பிரிட்டிஷ் டரான்டுலா சங்கத்தின் இதழில். அனுமன் பேரைச் சொல்லி வயிறு வளர்க்கிற ஒரு முழு நாட்டில் இந்தப் பிராணிக்குப் பெயர் சூட்ட ஆள் இல்லை. சிலந்தி வளர்ப்பவர்களின் சங்கம் ஒன்று இங்கிலாந்திலிருந்து வந்து தொட்டில் போட வேண்டியிருந்தது. போகட்டும், அருப்புக்கோட்டைக்காரருக்கு இது தெரியாமல் போனதே நல்லது. தெரிந்திருந்தால் குப்பியோடு கிளம்பியிருப்பார்.

இந்தச் சிலந்தியை ஒருமுறை பக்கத்தில் பார்த்துவிடுவோம், பிறகு கோபப்படலாம். இருட்டியபின் பழைய புளியமரம் ஒன்றின் அடியில் நிற்க வேண்டும். கை நுழையும் அளவு பொந்து. டார்ச்சை நேராக அடிக்காமல் ஒதுக்கிப் பிடித்தால் பொந்தின் விளிம்பில் நூல்படலம் தெரியும். அதில் மரத்தூளும் பட்டைத் துணுக்கும் ஒட்டிக்கொண்டிருக்கும்; பகலில் பார்த்தால் அதுவும் மரம்தான் என்று தாண்டிப் போய்விடுவோம். முதலில் இரண்டு கால்நுனிகள் வெளியே வரும். காற்றைத் தொட்டுப் பார்ப்பதுபோல் நிற்கும். அப்புறம் உடம்பு. கால் விரித்தால் உள்ளங்கை அகலம். முதுகில் சாம்பலும் பழுப்பும் கறுப்புமாக ஒரு கோலம், பட்டையில் அப்படியே கரைந்துபோகும். கரப்போ விட்டிலோ பக்கத்தில் வந்தால் ஒரே பாய்ச்சல். நாம் காலடி மாற்றினால் அந்த அதிர்வே போதும், சட்டென்று உள்ளே போய்விடும். ஓட வழியில்லாமல் மடக்கினால் மட்டும் முன்கால்களைத் தூக்கிக் காட்டும். அடிப்புறத்தில் அதுவரை ஒளித்து வைத்திருந்த மஞ்சளும் கறுப்பும் பளிச்சிடும். அதன் வீரமெல்லாம் அவ்வளவுதான்.

பெண் சிலந்தி பத்து ஆண்டுக்கு மேல் வாழும். ஆணுக்கு ஆயுசு இரண்டு மூன்று வருடம்தான்; வயசுக்கு வந்ததும் பொந்தை விட்டுப் பெண் தேடி ராத்திரியில் அலையும், அலைந்தே சாகும். குஞ்சுகள் உடனே கலைந்து போகாது. தாயோடு ஒரே பொந்தில் பல காலம் கூட்டுக்குடும்பம். ஆகவே ஒரு பொந்து என்பது ஒரு வம்சத்தின் வீடு. பொந்து விழ மரத்துக்கு வயசாக வேண்டும். கிளை முறிந்து, தண்ணீர் இறங்கி, உள்ளே இற்றுப்போக வேண்டும். அது பத்து இருபது வருடத்து வேலை அல்ல. இந்தப் பிராணியின் தலையெழுத்து முழுவதும் இந்த ஒரு வரியில் இருக்கிறது. நம் கோப்புகளில் இல்லாத வரியும் இதுதான்.

பொசிலோதேரியா என்ற இந்தப் பேரினமே இந்தியாவிலும் இலங்கையிலும் மட்டும்தான் உண்டு. உலகில் வேறெங்கும் கிடையாது. மொத்தம் பதினைந்துக்கு அருகே இனங்கள். லண்டன் அருங்காட்சியகத்தில் இருந்த ரெஜினால்டு இன்னஸ் போக்காக் 1899ல் உட்கார்ந்த இடத்திலிருந்தே பலவற்றுக்குப் பெயர் வைத்தார். அரக்கோணத்திலிருந்து போன ஒன்றுக்கு ‘ரீகாலிஸ்’, அதாவது அரச வகை. சேலம் காடையாம்பட்டியிலிருந்து போன ஒன்றுக்கு ‘ஃபார்மோசா’, அதாவது அழகி. அரக்கோணத்தில் இறங்கி, உங்கள் ஊர்ப் பெயர் விலங்கியல் சரித்திரத்தில் இருக்கிறது தெரியுமா என்று கேட்டுப் பாருங்கள். எந்த பிளாட்பாரத்தில் எந்த வண்டி என்று சொல்வார்கள், பாவம், அவர்கள் மேல் தப்பில்லை. பாடப்புத்தகத்தில் அமேசான் காட்டு அனகோண்டா வரை இருக்கிறது. காடையாம்பட்டி அழகி இல்லை.

இந்த வரிசையில் உலகப் புகழ் பெற்றது நீலச் சிலந்தி, பொசிலோதேரியா மெட்டாலிகா. ஆந்திரத்தில் குத்தி என்ற ஊரின் ரயில்வே மரக்கிடங்கில் கிடைத்தது. அதையும் 1899ல் போக்காக்தான் விவரித்தார். அதன் நிஜ வீடு குத்தி அல்ல. வெட்டிய மரத்தோடு வண்டியேறி வந்திருக்கிறது. அதாவது வீடு இடிக்கப்பட்டு, இடிபாட்டோடு கொண்டுவரப்பட்ட அகதியைக் கண்டு, அகதி முகாமையே சொந்த ஊராகப் பதிந்துகொண்டது அறிவியல். மெக்சிகோக்காரனைப் போலந்துக்காரனாக்கிய நம் அதிகாரிகளுக்கு முன்னோடி இல்லாமல் இல்லை. பிறகு 102 வருடம் யாரும் அதைப் பார்க்கவில்லை. 2001ல் நந்தியாலுக்கும் கித்தலூருக்கும் இடையே, கிழக்குத் தொடர்ச்சி மலைக் காட்டில் மறுபடி கண்டுபிடித்தார்கள். அப்போது தெரிந்தது நூறு சதுர கிலோமீட்டருக்கும் குறைந்த ஒரே இடம். விறகு வெட்டும் மரம் வெட்டும் நடக்கிற காடு. 2008ல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் சிவப்புப் பட்டியலில் ‘மிக அருகிவிட்ட இனம்’ என்று ஏறியது. அந்த மதிப்பீட்டைச் செய்தவர்கள் கோயம்புத்தூரில் உட்கார்ந்து வேலை பார்த்த சஞ்சய் மோளூரும் மஞ்சு சிலிவாலும் சகாக்களும். ராமேஸ்வரத்துச் சிலந்திக்கும் அதே ஆண்டு அதே முத்திரை.

மறுபடி கண்டுபிடித்த சில ஆண்டுகளிலேயே நீலச் சிலந்தியின் குஞ்சுகள் மேல்நாட்டுச் சந்தையில் இருந்தன. அமெரிக்காவில் ஒன்று 500 டாலருக்கு மேல் போன காலமும் உண்டு. யார் ஏற்றுமதி செய்தது? எந்த அனுமதிச் சீட்டில்? இந்தியக் காட்டிலிருந்து ஓர் உயிரை எடுத்துப்போய் விற்க எந்தத் துறை முத்திரை குத்தியது? இந்தக் கேள்விகளைக் கேட்டால் வளர்ப்பாளர்கள் முகம் சுளிப்பார்கள். ‘இது காட்டில் பிடித்ததில்லை ஐயா, பெட்டியில் பிறந்தது’ என்பார்கள். சரி. அதன் அம்மா? அதுவும் பெட்டியில் பிறந்தது. பாட்டி? கொஞ்சம் பேச்சு குறையும். கொள்ளுப்பாட்டி என்று வாயெடுத்தால், ‘நாங்கள்தான் இந்த இனத்தைக் காப்பாற்றுகிறோம்’ என்று பதில் வரும்.

எப்படிக் காப்பாற்றுகிறார்கள் என்று பார்த்தேன். கண்ணாடிப் பெட்டி. கார்க் பட்டை ஒன்று. பிளாஸ்டிக் இலை. எல்.இ.டி. வெளிச்சத்தில் நீலம் இன்னும் கொஞ்சம் நீலமாகத் தெரிய வேண்டும், அதற்கொரு வடிகட்டி. அந்த நீலம் சாயமில்லை, உரோமத்தின் நுண்ணமைப்பு ஒளியைச் சிதறடித்துக் காட்டுகிற ஜாலம். டரான்டுலா குடும்பத்தில் நீலம் குறைந்தது எட்டு முறை தனித்தனியாகப் பரிணமித்திருக்கிறது என்று 2015ல் ஓர் ஆய்வு சொன்னது. எதற்காக என்பதில் இன்னும் வாதம். கண்ணாடிப் பெட்டிக்காரர்களுக்கு மட்டும் அதில் சந்தேகமே இல்லை: படம் எடுத்துப் போட. ஜெர்மனியில், போலந்தில், அமெரிக்காவில் ஆயிரக்கணக்கான நீலச் சிலந்திகள் இப்படிக் காப்பாற்றப்பட்டுக்கொண்டிருக்கின்றன. நந்தியால் காட்டுக்கு ஒன்றுகூடத் திரும்பவில்லை. திரும்பவும் முடியாது; பெட்டிக்குள் எந்தெந்த வம்சம் எதோடு கலந்ததோ, எந்த நோயை ஏந்தி வருமோ. காப்பாற்றுகிறோம் என்பதற்கு அவர்கள் அகராதியில் பொருள், தீராத இருப்பு வைத்திருக்கிறோம் என்பது.

2010ல் அமெரிக்க வன உயிரினத் துறை ஜெர்மானியர் ஒருவரைப் பிடித்தது. பார்சலில் நூற்றுக்கணக்கான உயிருள்ள டரான்டுலாக்கள். சிலவற்றைக் கலர் கலரான உறிஞ்சுகுழாய்க்குள் சுருட்டி அடைத்திருந்தார்கள். இளநீரில் போடுகிற அதே குழாய். உயிரைக் குழாயில் அடைப்பவன் கடத்தல்காரன், டப்பாவில் அடைப்பவன் ஆர்வலன். இருவருக்கும் நடுவே வித்தியாசம், குழாயின் விட்டம்.

வெள்ளைக்காரனைத் திட்டி முடித்த கையோடு நம் வீட்டுப் பக்கம் திரும்புவோம்.

1972ல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் போட்டோம். புலி முதல் பட்டியலில். நல்லது. ஐந்தாம் பட்டியலில் தொல்லை தரும் பிராணிகள்: காக்கை, எலி, சுண்டெலி, பழந்தின்னி வௌவால். அதாவது கொல்லலாம், கேள்வி கிடையாது. சிலந்தி? முதலிலும் இல்லை, கடைசியிலும் இல்லை. காக்கத் தகுந்ததாகவும் தெரியவில்லை, கொல்லத் தகுந்ததாகவும் தெரியவில்லை. எலிக்குக் கிடைத்த சட்ட அந்தஸ்துகூட அரக்கோணத்து அரச வகைக்குக் கிடைக்கவில்லை. அரை நூற்றாண்டு அப்படியே ஓடியது. 2022ல் திருத்தம் வந்தது. சைட்டிஸ் எனப்படும் பன்னாட்டு வணிக ஒப்பந்தத்தின் பட்டியலை உள்நாட்டுச் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. நம் மரத்துப் பிராணி நம் சட்டப் புத்தகத்தின் வாசலுக்கு ஜெனீவா சுற்றித்தான் வர வேண்டியிருந்தது.

ஜெனீவாவுக்கும் எப்படிப் போயிற்று என்பது தனிக் கதை. பொசிலோதேரியாவின் வணிகத்தைக் கட்டுப்படுத்த வேண்டும் என்று 2000லேயே இலங்கையும் அமெரிக்காவும் முன்மொழிந்தன. பிறகு திரும்பப் பெற்றுக்கொண்டன. மறுபடி 2019 சைட்டிஸ் மாநாட்டுக்கு முன்மொழிந்தன. அந்த மாநாடு கொழும்பில் நடக்க வேண்டியது, ஈஸ்டர் குண்டுவெடிப்பால் தள்ளிப்போய் ஆகஸ்டில் ஜெனீவாவில் நடந்தது. இந்த முறை தேறியது. பேரினம் முழுவதும் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் இரண்டாம் இணைப்பில் ஏறியது. முன்மொழிந்த நாடுகளின் பெயரைப் பாருங்கள்: இலங்கை, அமெரிக்கா. இந்த இனங்களில் பாதியளவாவது குடியிருக்கும் நாட்டின் பெயர் அங்கே இல்லை. அதே மாநாட்டுக்கு இந்தியா வேறு முன்மொழிவுகளோடு போயிருந்தது. நட்சத்திர ஆமைக்காகப் பேசியது, நீர்நாய்க்காகப் பேசியது. சிலந்திக்குப் பேச வாய் வரவில்லை. ஆமைக்கு முகம் இருக்கிறது. நீர்நாய்க்கு மீசை இருக்கிறது. கண் எட்டு இருந்தாலும் ஒன்றில்கூடக் கண்ணீர் வராத பிராணிக்காக எந்த அமைச்சர் போட்டோவுக்கு நிற்பார்?

அமெரிக்கா 2018ல் இலங்கையின் ஐந்து பொசிலோதேரியா இனங்களைத் தன் நாட்டு அழியும் உயிரினச் சட்டத்திலேயே சேர்த்துக்கொண்டது. புண்ணியவான்கள் என்று புல்லரிக்க வேண்டாம். வாங்குகிற சந்தை அவர்களுடையது, அதனால் பூட்டும் அவர்கள் கையில். ஆனாலும் மட்டக்களப்புப் பக்கத்து மரத்தில் இருக்கிற சிலந்திக்கு வாஷிங்டனில் ஒரு சட்டம் இருக்கிறது, அரக்கோணத்துக்காரனுக்கு அதே காலத்தில் டெல்லியில் ஒரு வரி இல்லை என்பதை எந்தக் கணக்கில் எழுதுவது?

இலங்கை என்றதும் இன்னொன்று. ராமேஸ்வரத்துச் சிலந்தியே மன்னாரிலும் இருக்கிறது என்று 2015ல் தெரிந்தது. நிலம் சேர்ந்திருந்த காலத்தில் நடந்தே போயிருக்க வேண்டும். இன்று அதே கடலில் வலை போடப் போன ராமேஸ்வரத்து மீனவரைப் பிடித்து ஊர்காவற்றுறைக்கும் வவுனியாவுக்கும் அலைக்கழிக்கிறார்கள், படகை அரசுடைமை ஆக்குகிறார்கள். இரண்டு கரையிலும் குடும்பம் வைத்துக்கொண்டு பிடிபடாமல் இருப்பது இந்த ஒரு பிராணிதான். அதுவும் யார் கண்ணிலும் படாமல் இருப்பதால்.

இலங்கைப் போர் முடிந்த 2009ல் அந்நாட்டின் வடக்கே ஓர் ஊர்க்காரர் செத்த சிலந்தி ஒன்றை ஆய்வாளர்களிடம் கொண்டுவந்து கொடுத்தார். தேடிக்கொண்டு போனவர்களுக்கு மாங்குளம் ஆஸ்பத்திரியின் பழைய டாக்டர் குவாட்டர்ஸில் பெண்ணும் குஞ்சுகளும் கிடைத்தன. பழைய மரங்கள் அழிந்ததால் கட்டிடத்துக்குள் குடியேறுகின்றன என்றார்கள். 2012ல் புது இனமென்று விவரித்து, கூடவே வந்து வழிகாட்டிய காவல் ஆய்வாளரின் பெயரைச் சூட்டினார்கள். அந்த அதிகாரி நல்லவராகவே இருக்கட்டும். ஆனால் பிள்ளையின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு தாய்மார் தெருவில் உட்கார்ந்திருந்த மண் அது. அங்கே செத்துக் கிடைத்த ஒரு சிலந்திக்கு எப்போது, எங்கே, யாரிடம் என்று பதிவு இருக்கிறது. போர் முடிந்தபோது படையிடம் ஒப்படைத்த பிள்ளைகளுக்கு அந்த மூன்று கேள்விக்கும் பதில் இல்லை. பூச்சி ஆய்வாளர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. அவர்கள் தங்கள் வேலையை ஒழுங்காகச் செய்தார்கள், அவ்வளவுதான்.

சிலந்தி கட்டிடத்துக்குள் வந்தால் என்ன ஆகும் என்பதை நம்மூரில் சொல்லித் தர வேண்டியதில்லை.

“மதினி, ஓடியாங்க! எட்டுக்கால் பூச்சி, உள்ளங்கைத் தண்டி இருக்கு!”

“கிட்டப் போகாதடி. அது பார்த்தாலே விஷம். பேப்பர்ல போட்டிருந்தான்.”

“பேப்பர்ல இல்ல மதினி, குரூப்புல வந்துச்சு.”

“குரூப்புல வந்துச்சா? அப்ப உறுதிதான்.”

அப்புறம் விளக்குமாறு, ஹிட், மண்ணெண்ணெய், கடைசியில் கல்லூரி போகிற பையனின் செருப்பு. செத்ததை ஸ்கேல் வைத்து அளந்து போட்டோ. சாயங்காலம் உள்ளூர் டி.வி.யில் சிவப்பு எழுத்து: ‘கொலைகார சிலந்தி, பொதுமக்கள் பீதி’. கூடவே அமேசான் காட்டில் எடுத்த ஏதோ ஒரு வீடியோ, நெஞ்சைப் பிடித்துக்கொள்கிற இசை. ‘கடித்தால் ஐந்து நிமிடத்தில் மரணம்’ என்று ஒரு குரல் சொல்லும். ஐந்து நிமிடம் என்று யார் கடிகாரம் பார்த்தார்கள் என்று கேட்கக் கூடாது.

உண்மை என்ன? டரான்டுலா கடித்து மனிதன் செத்ததாக உறுதியான பதிவு உலகத்திலேயே கிடையாது. பொசிலோதேரியா கடித்தால் கடுமையாக வலிக்கும், தசை பிடித்து இழுக்கும். அந்தப் பிடிப்பு நாள்கணக்கில் போகாமல் படுத்தும், மறைக்க வேண்டியதில்லை. ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஆனால் அதைக் கையால் அமுக்கினாலொழிய அது கடிக்க வருவதில்லை. 2012ல் அசாமின் சதியாவில் சிலந்திக் கடியால் இரண்டு பேர் இறந்ததாக உலகம் முழுக்கச் செய்தி ஓடியது. கடிவாயைப் பிளேடால் கீறி ரத்தம் எடுத்த வைத்தியம் பற்றியும் அதே செய்திகளில் இருந்தது, கொஞ்சம் கீழே. சிலந்தியால்தான் செத்தார்கள் என்று எந்தச் சோதனையும் நிறுவவில்லை. பிளேடுமேல் யாரும் வழக்குப் போடவில்லை. இந்தியாவில் பாம்புக் கடியால் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் சாகிறார்கள் என்று 2020ல் வந்த ஆய்வு கணக்கிட்டது. அந்த மருந்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருக்கிறதா என்று எந்த டி.வி.யும் சிவப்பு எழுத்தில் கேட்பதில்லை. பீதி என்பது கேள்வி கேட்கத் தேவையில்லாத செய்தி. அதனால்தான் மலிவு.

இத்தனைக்கும் நாம் சிலந்தியைக் கும்பிடுகிற ஜனம். திருவானைக்காவில் நாவல்மரத்தடி லிங்கத்தின்மேல் சருகு விழாமல் ஒரு சிலந்தி வலைப்பந்தல் போட்டது. யானை வந்து, அழுக்கு என்று அதைப் பிய்த்து எறிந்தது. சண்டையில் இரண்டும் செத்தன. சிலந்தி கோச்செங்கட் சோழனாகப் பிறந்து, யானை ஏற முடியாத மாடக்கோயில்களாகக் கட்டித் தள்ளியது. சீகாளத்தியில் ‘சீ’ என்ற முதல் எழுத்தே சிலந்திக்குத்தான். எல்லாம் சரி. சிலந்திக்கு ராஜ்ஜியம் வேண்டுமென்றால் முதலில் சாக வேண்டும், அதுவும் புராண காலத்தில். அந்தக் கதையில் எனக்குப் பிடித்த பாத்திரம் யானை. அதற்குப் பகை ஒன்றுமில்லை. அதுவும் பக்தியோடுதான் வந்தது. சுத்தம் செய்தது. இன்றைக்குத் தலங்களை ‘அழகுபடுத்த’ வருகிற திட்டங்கள் எல்லாவற்றுக்கும் அந்த யானைதான் குலதெய்வம்.

ராமேஸ்வரத்துக்கு வருகிறவர் எல்லாருக்கும் அறை வேண்டும், அறைக்கு ஏ.சி. வேண்டும், காருக்கு நிழலில் நிறுத்துமிடம் வேண்டும். நிழலுக்கு மரத்தை வைத்துக்கொண்டு நிறுத்துமிடம் கட்டலாம் என்பது யாருக்கும் தோன்றாது. மரத்தை வெட்டித் தகரக்கூரை போடுவார்கள். சிலந்தி இருப்பது பெரும்பாலும் காப்புக்காட்டில் இல்லை. தோப்பில், கோயில் ஓரத்தில், தனியார் நிலத்துப் புளியிலும் தென்னையிலும் பனையிலும். தோப்பு யாருடையதோ மரமும் அவருடையது. விற்கலாம், வெட்டலாம், மனை போடலாம். பொந்து யாருடையது? வனத்துறையைக் கேட்டால் இது வனமில்லை. வருவாய்த் துறையைக் கேட்டால் அடங்கலில் பொந்துக்குப் பத்தி இல்லை. நெடுஞ்சாலைத் துறைக்குப் புளியமரம் என்றால் மகசூல் ஏலம். புளி உலுக்குகிற உரிமைக்குத் தொகை, மரத்துக்கு வெள்ளைச் சுண்ணாம்பு, சிவப்பில் ஓர் எண். அந்த எண்ணை நானும் வெகுநாள் மரத்தைக் காப்பதற்கென்றே நினைத்துக்கொண்டிருந்தேன். வெட்டும்போது ஒன்று விட்டுப்போகாமல் இருப்பதற்கும் அதுவே உதவுகிறது.

சாலையோரப் புளிய மரங்கள்மீது நம்மிடம் நிரந்தரக் குற்றப்பத்திரிகை ஒன்று உண்டு. ‘கார் புளியமரத்தில் மோதி நால்வர் பலி.’ செய்தியில் குடிபோதை வராது, தூக்கம் வராது, ஓட்டுநரை இருபது மணி நேரம் ஓட்டவிட்ட முதலாளி வரமாட்டார். மரம் வரும். 2022ல் மட்டும் தமிழ்நாட்டுச் சாலைகளில் 17,000 பேருக்கு மேல் செத்தார்கள். மரமே இல்லாத நான்கு வழிச் சாலையில் எதன்மேல் மோதிச் செத்தார்கள் என்று தெரியவில்லை. ஒருவேளை விழுந்த மரங்களின் ஆவிமேல் இருக்கலாம்.

வெட்டினால் என்ன, ஒன்றுக்குப் பத்து நடுகிறோமே என்பார்கள். நடுகிறார்கள், ஒப்புக்கொள்கிறேன். பச்சைக் கூண்டு, கூண்டில் உபயதாரர் பலகை, பலகையில் எழுத்து கன்றைவிட உயரம். வெயிலில் காய்ந்து குச்சியாக நிற்கிறது. பிழைத்தே வந்தாலும் கன்றில் பொந்து இருக்காது. பொந்து விழும் வயசு அதற்கு வரும்போது அந்தச் சாலை எட்டு வழியாகியிருக்கும். மரத்தைக் கனமீட்டரில் அளக்கிறவனுக்கு உள்ளே இற்றுப்போன கிழட்டு மரம் நஷ்டம். பட்டுப்போனது, ஆபத்தானது, அப்புறப்படுத்த வேண்டியது என்று மூன்றே சொல்லில் தீர்ப்பு முடியும். சிலந்திக்கு வேண்டியதும் அதே மூன்று தகுதியுள்ள மரம்தான். மரங்கொத்திக்கும் ஆந்தைக்கும் கிளிக்கும்கூட அதுதான். அவற்றுக்கு இறக்கை இருக்கிறது, அடுத்த மரம் தேடிப் பறந்துகொள்ளும். பத்து வருடமாக ஒரே பொந்தில் இருக்கிற பெண் சிலந்திக்கு அடுத்த மரம் வெளிநாடு.

அரசுக்கு வழி தெரியாமல் இருந்தால் நானே ஒரு யோசனை சொல்கிறேன். நமக்குக் கைவந்த கலை டெண்டர். விளம்பரத்தைக்கூட எழுதி வைத்துவிட்டேன்.

‘ஒப்பந்தப்புள்ளி அறிவிப்பு. அருகிவரும் எட்டுக்கால் உயிரினங்களுக்குச் செயற்கைப் பொந்து அமைத்தல். முன்தயாரிப்புக் கான்கிரீட் தூண். மரப்பட்டை நிறத்தில் இரண்டு கோட் எமல்ஷன். ஒவ்வொரு பொந்துக்கும் சோலார் எல்.இ.டி. விளக்கு கட்டாயம். பக்கத்தில் செல்ஃபி மேடை. தகுதி: இதற்கு முன் பேருந்து நிழற்குடை கட்டிய அனுபவம். முன்வைப்புத் தொகை விதிகளின்படி. தூண்களுக்கு இடமில்லாத பகுதிகளில் இடையூறாக உள்ள பழைய மரங்களை ஒப்பந்ததாரரே தம் செலவில் அகற்றிக்கொள்ளலாம். பணி நிறைவுச் சான்று திறப்பு விழாப் புகைப்படத்தின் அடிப்படையில் வழங்கப்படும். பயனாளிகள் குடியேறினார்களா என்பது இந்த ஒப்பந்தத்தின் வரம்புக்குள் வராது.’